ஆகாயத்தை உற்றுக் கேட்கும் தம்பிக்கு

அன்புமிக்க தம்பிக்கு,

டோர்ட்முண்ட் நகரத்திலிருந்து நீ எழுதிய நீண்ட கடிதம் கிடைத்தது. ஜெர்மானிய அரசாங்கத்தாரின் அமெச்சூர் வானொலிப் பரீட்சையில் தேறி, உனக்கென்று ஓர் அழைப்புக்குறி பெற்றுவிட்டாய் என்ற செய்தியைப் படித்து நான் அடைந்த சந்தோஷத்தை, அதே கடிதத்தின் பிற்பகுதியில் நீ எழுதியிருந்த சில வரிகள் கவலையாக மாற்றிவிட்டன. விண்வெளி ஆராய்ச்சி என்பது வல்லரசுகளின் கஜானாவுக்கும் பெருந்தனவந்தர்களின் ராக்கெட்டுகளுக்கும் உரிய காரியமாகிவிட்டது என்றும், உத்தியோகம் முடிந்து வந்த மாலைகளில் வாடகை வீட்டுப் பால்கனியில் ஒரு கம்பியைக் கட்டிவைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உன்னைப் போன்றவனுக்கு அதில் யாதொரு பங்கும் இல்லை என்றும், இதெல்லாம் அந்நிய தேசத்துத் தனிமையை மறப்பதற்கான உபாயம்தானோ என்று உனக்கே சந்தேகம் தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறாய். இந்தச் சந்தேகம் உன் ஒருவனுக்கே உரியதன்று. கடல் கடந்து வேலைக்குப் போய், கையில் ஒரு சால்டரிங் அயர்னும் மனத்தில் ஆகாயத்தைப் பற்றிய ஆசையும் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கும் உள்ளதுதான். ஆகையால் உனக்கு எழுதும் பதிலை அவர்களும் படிக்கட்டும் என்று பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் நீ குடியிருக்கும் பிரதேசத்தைப் பற்றியே சொல்லத் தோன்றுகிறது. உன் ஊருக்கு மேற்கே, விரைவு ரயிலில் ஏறினால் கால்மணி நேரத்துக்குள் இறங்கிவிடக்கூடிய போஹும் நகரம், நிலக்கரிச் சுரங்கங்களாலும் எஃகு ஆலைகளாலும் ஒரு காலத்தில் புகை மண்டிக்கிடந்த நகரம். சோவியத் ரஷ்யர்கள் 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி ஸ்புட்னிக்கை ஏவியபோது, அந்த ஊரில் பொதுமக்களுக்கென ஒரு வான்நோக்கு நிலையத்தை நடத்திவந்த ஹெயின்ஸ் கமின்ஸ்கி என்பவர், தாமே அமைத்துக்கொண்ட கருவிகளின் முன் அமர்ந்து, மறுநாள் இரவே அதன் ஒலியைப் பிடித்துவிட்டார். 83.6 கிலோ எடையுள்ள அந்த உலோக உருண்டை 20.005 மெகாஹெர்ட்ஸ், 40.002 மெகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் ஒரு வாட் சக்தியோடு கூவிக்கொண்டு போயிற்று. அந்த அலைவரிசைகளை உலகத்து அமெச்சூர்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே சோவியத் 'ரேடியோ' பத்திரிகை சில மாதங்களுக்கு முன்பே அவற்றைப் பிரசுரித்திருந்தது. உலகின் முதல் செயற்கைக்கோளை அனுப்பிய வல்லரசுக்கே, தான் அனுப்பிய பொருளை ஊர்தோறும் வீடுதோறும் கேட்டுக் குறித்துச் சொல்ல யாராவது வேண்டியிருந்தது என்பதை நீ சிந்திக்க வேண்டும்.

கமின்ஸ்கியின் நிலையம் அதோடு நின்றுவிடவில்லை. வெண்ணிறக் கோளக்கூரை ஒன்றின் உள்ளே 20 மீட்டர் விட்டமுள்ள ஒரு டிஷ் ஆன்டெனா 1965-ஆம் ஆண்டில் அங்கே எழுந்தது. பிற்காலத்தில் ஜெர்மானிய அமெச்சூர் செயற்கைக்கோள் சங்கமான ஆம்சாட்-டி.எல். அன்பர்கள் தங்கள் ஓய்வு நேரத்தை அதற்கு அர்ப்பணித்து, துருப்பிடித்த பாகங்களைச் செப்பனிட்டு, 2006 மார்ச் மாத இறுதியில், 1,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்துகொண்டிருந்த வாயேஜர்-1 விண்கலத்தின் சிக்னலை அதில் பிடித்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 2009 மார்ச் 25-ஆம் தேதி, அதே டிஷ்ஷிலிருந்து சுக்கிரனை நோக்கி ஒரு சமிக்ஞையை அனுப்பினார்கள். அது ஏறக்குறைய பத்துக் கோடி கிலோமீட்டர் போய்வந்து, ஐந்து நிமிஷங்களுக்குப் பின் எதிரொலியாக அவர்கள் காதிலேயே விழுந்தது. இவர்களில் எவருக்கும் இதற்காகச் சம்பளம் கிடையாது. பகலில் அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் வந்து கூடியவர்கள். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமனே அறையில் கிடப்பதாக எழுதியிருக்கிறாயே, அந்தக் கோளக்கூரையை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா. பிறகு என் கடிதத்தின் மீதியைப் படி.

உனக்கு ஆதாரமாக நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். பெரிய ஸ்தாபனங்களிடம் கருவி இருக்கிறது, பணம் இருக்கிறது, கற்றறிந்த நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதோ அதை மட்டுமே கவனிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். யாரும் கேட்கச் சொல்லாததை, கேட்டால் காசு எதுவும் வராததை, மாதக்கணக்கில் சிரத்தையோடு கேட்டுக்கொண்டிருக்கும் அவகாசம் ஆசையினால் உழைப்பவனுக்கு மட்டுமே வாய்க்கிறது. அந்நிய ஊரில் உறவினர் வருகையும் கல்யாண வீடும் கோவில் திருவிழாவும் இல்லாமல் உன் கையில் கிடக்கும் மாலைப்பொழுதுகளை நீ துர்ப்பாக்கியம் என்று எண்ணுகிறாய். நானோ அவற்றை உன் கலைக்குக் கிடைத்த மூலதனம் என்று எண்ணுகிறேன்.

இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற சிறு நகரத்தின் பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆசிரியராக இருந்த ஜெஃப்ரி பெர்ரி என்பவரைப் பற்றி நீ அறிந்திருக்க வேண்டும். வானொலிப் பழக்கம் உடைய சக ஆசிரியர் டெரெக் ஸ்லேட்டரின் துணையோடு, சாதாரணமான ஒரு ரிசீவரை வைத்துக்கொண்டு, சோவியத் செயற்கைக்கோள்கள் தலைக்கு மேலே எந்த நிமிஷத்தில் வருகின்றன, எந்த நிமிஷத்தில் மறைகின்றன என்பதை மாணவர்களைக் கொண்டு அவர் ஓயாமல் குறித்துவந்தார். பௌதிகப் பாடத்தை உயிருள்ளதாக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். 1966 மார்ச்சில் ஏவப்பட்ட காஸ்மாஸ்-112 என்ற கோளின் பாதை, அதுவரை உலகம் அறிந்திருந்த சோவியத் ஏவுதளங்கள் எதிலிருந்தும் புறப்பட்டதாகப் பொருந்தவில்லை என்பதை அந்தக் குறிப்புகள் காட்டின. தொடர்ந்து வந்த கோள்களின் பாதைகளையும் வரைபடத்தில் இட்டுப் பார்த்து, அவை ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், ரஷ்யாவின் வடபகுதியில், இரகசியமான ஓர் ஏவுதளம் இருந்தாக வேண்டும் என்று அதே வருஷம் நவம்பரில் அவர் வெளியிட்டார். அதுதான் ப்ளெசெட்ஸ்க். அப்படி ஓர் இடம் இருப்பதை சோவியத் அரசாங்கம் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 1983-ஆம் ஆண்டில். பதினேழு வருஷங்களாக ஒரு பேரரசு வாய் திறவாமல் இருந்த விஷயத்தை, பள்ளிச் சிறுவர்களின் நோட்டுப்புத்தகம் சொல்லிவிட்டது.

பழங்கதை என்று நீ தள்ளிவிடக்கூடாதென்று, நம் காலத்துச் சங்கதிகள் இரண்டையும் சொல்கிறேன். பூமியின் காந்த மண்டலத்தை ஆராய அமெரிக்கர்கள் 2000-ஆம் ஆண்டில் அனுப்பிய 'இமேஜ்' என்ற செயற்கைக்கோள் 2005 டிசம்பரில் திடீரென்று மௌனமாகிவிட்டது. இறந்துவிட்டதென்று நாசாவும் கைவிட்டுவிட்டது. கனடாவின் மேற்குக் கரையில் வசிக்கும் ஸ்காட் டில்லி என்னும் அமெச்சூர், வேறு ஏதோ ஓர் இரகசியக் கோளைத் தேடிக்கொண்டிருந்தபோது, 2018 ஜனவரி 20-ஆம் தேதி அதன் குரலைக் கேட்டு, அலைவரிசையின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு அது இன்னதென்று கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார். நாசாவின் விஞ்ஞானிகள் சரிபார்த்து, அது இமேஜ்தான் என்று உறுதி செய்தார்கள். இரண்டாமவர் நமக்கு மிக அண்மையில் இருப்பவர். சந்திரயான்-2 கொண்டுபோன விக்ரம் தரையிறங்கி 2019 செப்டம்பரில் நிலவில் மோதி நொறுங்கிய பின், அந்தப் பிரதேசத்தை அமெரிக்கச் சந்திர உளவுக்கலம் எடுத்த படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. சென்னையில் மென்பொருள் துறையில் இருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், மோதலுக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் அருகருகே வைத்து, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு வெளிறிய பொட்டைக் கண்டு எழுதினார். டிசம்பர் 2-ஆம் தேதி நாசா அவருடைய பெயரைச் சொல்லி அதை ஏற்றுக்கொண்டது. அந்தச் சிதறல், மோதிய இடத்திற்கு வடமேற்கே முக்கால் கிலோமீட்டர் தூரத்தில் கிடந்தது. அவரிடம் இருந்ததெல்லாம் எவருக்கும் கிடைக்கக்கூடிய படமும், அதை விட்டு அகலாத கண்ணும்தான்.

எல்லா முயற்சியும் இப்படிப் பலித்துவிடும் என்று உனக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை. 1978-இல் ஏவப்பட்டுச் சூரியனைச் சுற்றிவந்த ஐ.எஸ்.இ.இ.-3 விண்கலத்தை மீண்டும் பூமிக்கருகில் நிறுத்த வேண்டுமென்று, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிய ஒரு குழுவினர், நாசாவின் அனுமதியோடு 2014 மே மாதத்தில் அதனோடு பேசிவிட்டார்கள். ஆனால் ஜூலையில் பாதையைத் திருப்ப முயன்றபோது அதன் எஞ்சின்கள் இயங்கவில்லை. கலம் தன் வழியே போய்விட்டது. அதற்காக அவர்கள் உழைத்த உழைப்பை வீண் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

இனி உன் பால்கனிக்கு வருகிறேன். நீ இருக்கும் இடத்தின் விசேஷத்தை நீயே உணரவில்லை என்று தோன்றுகிறது. சர்வதேச விண்வெளி நிலையம் பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. ஆகவே அது வடக்கே எட்டும் எல்லை 51.6 பாகை அட்சரேகை. டோர்ட்முண்ட் இருப்பது 51.5 பாகையில். அதாவது, அந்த நிலையம் வடக்கே ஏறிவந்து, திரும்பித் தெற்கே இறங்கத் தொடங்கும் வளைவின் நேர் கீழே உன் வீடு அமைந்திருக்கிறது. நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, அது ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை என்று அரிதாகக் கிடைக்கும் நல்ல பாஸுக்காக, அதாவது அது வானைக் கடக்கும் வேளைக்காக, காத்திருக்கும்போது, உனக்கோ ஒன்றரை மணிக்கு ஒருமுறை, அடுத்தடுத்து ஐந்தாறு சுற்றுகள் வரிசையாகக் கிடைக்கின்றன. இப்படிப்பட்ட ஜன்னலைப் பெற்றுக்கொண்டு, விண்வெளியில் எனக்குப் பங்கில்லை என்று எழுதலாமா?

145.800 மெகாஹெர்ட்ஸில் அதைக் கேட்கத் தொடங்கு. வேலைக்காரர்கள் கதவு ஜன்னல்களை அளக்கும் எஃகு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் பொருத்தினால் நல்ல யாகி ஆன்டெனா ஆகிவிடும். டி.வி. பார்ப்பதற்கென்று மலிவாகச் செய்யப்பட்ட யு.எஸ்.பி. டாங்கிளின் உள்ளிருக்கும் சில்லு, ஏறத்தாழ எந்த அலைவரிசையையும் கேட்கும் ரிசீவராகப் பயன்படக்கூடியது என்பதை அமெச்சூர்கள் 2012 வாக்கில் கண்டுகொண்டதிலிருந்து, ரிசீவர் வாங்கப் பணமில்லை என்று சொல்ல எவருக்கும் இடமில்லை. நிலையம் அடிவானத்தில் எழும்போது, வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் உன்னை நோக்கி வருவதால், அதன் சிக்னல் சொல்லிவைத்த அலைவரிசைக்கு மேலே மூன்றரைக் கிலோஹெர்ட்ஸ் வரை உயர்ந்து கேட்கும்; தலைக்கு மேல் வரும்போது சரியான இடத்தில் நிற்கும்; விலகிப் போகும்போது அதே அளவு கீழே இறங்கும். பிளாட்பாரத்தில் நிற்பவனைக் கடந்து போகும் ரயிலின் ஊதல் தாழ்வதைப் போன்றதுதான் இது. கம்ப்யூட்டர் நிரல் இந்த மாற்றத்தைத் தானே சரிசெய்துவிடும் என்பது எனக்குத் தெரியும். என்றாலும் முதல் சில வாரங்கள் கையாலேயே திருப்பு. ஸ்காட் டில்லி இமேஜைக் கண்டுகொண்டது இந்த இறக்கத்தின் வளைவைக் கொண்டுதான் என்பதை நினைவில் வை. அந்த வளைவு உன் விரல்களுக்குப் பழக வேண்டும்.

கருவியைக் காட்டிலும் பழக்கமே முக்கியம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குச் சமீபத்தில் ஓர் உதாரணம் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் முதலில் பிடித்துப் பார்த்தது நோவா-15, 18, 19 என்ற மூன்று அமெரிக்க வானிலைக் கோள்களின் படங்களைத்தான். 2025-ஆம் ஆண்டில் அவை ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டுவிட்டன. ஒரே நிரலில் ஒரே பொத்தானை அழுத்தப் பழகியிருந்தவர்கள், பொழுதுபோக்கே முடிந்துவிட்டதென்று டாங்கிளை மேஜை அறையில் போட்டுவிட்டார்கள். ஆன்டெனா என்ன செய்கிறது, சிக்னல் எவ்விதம் குறியேற்றப்படுகிறது என்று அறிந்திருந்தவர்கள், அதே ஆன்டெனாவை வைத்துக்கொண்டே ரஷ்யாவின் மெட்டியோர் கோள்களுக்குத் திரும்பிவிட்டார்கள்.

கேட்டதைக் குறித்துவைக்கும் பதிவேட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அமெரிக்க அமெச்சூர்கள் செய்த ஆஸ்கர்-1 என்ற சிறு கோள் 1961 டிசம்பர் 12-ஆம் தேதி, ஓர் இராணுவ ராக்கெட்டில் எடையைச் சமன் செய்யும் பாரத்துக்குப் பதிலாக ஏறிப்போயிற்று. ஸ்புட்னிக் பறந்து நான்கு வருஷங்கள்தாம் ஆகியிருந்தன. அது பேசியதெல்லாம் மோர்ஸ் சங்கேதத்தில் 'ஹை' என்ற ஒரே முகமன். அதன் சக்தி ஒரு வாட்டில் ஏழில் ஒரு பங்கு. ஆனால் கோளின் உட்புற வெப்பம் ஏற இறங்க, அந்த முகமனின் வேகமும் மாறும்படி அதை அமைத்திருந்தார்கள். ஆகையால், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முறை 'ஹை' கேட்டது என்று எண்ணி எழுதிய ஒவ்வொருவனும் விண்வெளியில் வெப்பமானி பார்த்தவன் ஆனான். இருபத்தெட்டு நாடுகளிலிருந்து ஐந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்டவர்கள் அப்படி எழுதி அனுப்பினார்கள். கேட்டு ஆனந்தப்பட்டதோடு நின்றவர்களுக்கு ஆனந்தம் மட்டும் மிஞ்சியது. எழுதியவர்களின் குறிப்பு விஞ்ஞானம் ஆயிற்று.

ஆகவே நீயும் எழுது. நேரத்தை ஜெர்மானியக் கடிகாரத்தில் எழுதாதே, உலகப் பொது நேரத்தில் எழுது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், பின்னால் குழப்பம் வரும். எந்த ஆன்டெனா, எந்தத் திசை, எந்த அலைவரிசை, வானிலை எப்படி என்று எழுது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்காமல் போனதை எழுது. வரவேண்டிய கோள் வரவில்லை என்ற குறிப்பு, அது எப்போது மௌனமாயிற்று என்பதை நிர்ணயிக்க வேண்டியவனுக்குப் பொன் போன்றது. ஆனால் பதிவேடுகளில் மிக அபூர்வமாகக் காணப்படுவதும் அதுதான், ஏனென்றால் கேட்காததை எழுத மனிதனுக்கு மனம் வருவதில்லை. கேட்டதாக நினைத்ததைக் கேட்டதாக எழுதிவிடும் சபலத்தை நீ ஜன்ம விரோதியாகக் கருத வேண்டும். இரைச்சலுக்குள்ளே அழைப்புக்குறியின் பாதி கேட்டால் பாதியைத்தான் எழுத வேண்டும். மீதியை ஊகித்து நிரப்புகிறவன் எத்தனை பெரிய ஆன்டெனா வைத்திருந்தாலும் என் மதிப்பில் அமெச்சூர் அல்லன்.

அந்நிய தேச வாசத்தைப் பற்றியும் நீ கேட்டிருக்கிறாய். அதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. உடல் ஓரிடத்திலும் மனம் ஓரிடத்திலுமாக, விழித்திருக்கும் நேரமெல்லாம் கைப்பேசித் திரையில் ஊரைப் பார்த்துக்கொண்டு, வாழும் வீதியின் மரத்தின் பெயர்கூடத் தெரியாமல் பத்து வருஷம் கழித்துவிடும் நம்மவர் பலரை நான் நீ இருக்கும் ரூர் பிரதேசத்தில் கண்டிருக்கிறேன். அவர்களுக்காக மனம் வருந்தியிருக்கிறேன். உன் கலை உன்னை அப்படி இருக்கவிடாது. பால்கனியில் கம்பி கட்ட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்கப் போனால் அவரோடு பேச வேண்டும். சுவரில் துளையிட வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையும் இரவு பத்து மணிக்குப் பின்னும் கூடாது. அது எழுதப்பட்ட விதி மாத்திரமன்று, அண்டை வீட்டாரின் மனம். மேல்மாடிப் பாட்டியம்மாள் அந்தக் கம்பி எதற்கு என்று கேட்பார். ஹெட்போனைக் கழற்றி அவரிடம் கொடுத்து, விண்வெளி நிலையத்தைக் கேட்கச் சொல். நீ தத்தித் தத்திப் பேசும் ஜெர்மன் மொழி அன்றைக்கு அவருக்குப் போதுமானதாக இருக்கும்.

ஜெர்மானிய அமெச்சூர் வானொலிச் சங்கத்துக்கு ஊருக்கு ஊர் கிளை உண்டு. அதன் மாலைக் கூட்டங்களுக்குத் தவறாமல் போ. அங்கே பழக்கமில்லாதவரை மரியாதைப் பன்மையில் அழைக்கும் தேசத்தில், ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் மட்டும் முதல் சந்திப்பிலேயே ஒருவரையொருவர் ஒருமையில் அழைத்துக்கொள்வார்கள். உன் தகப்பனார் வயதுடையவரும் உன்னிடம் அதையே எதிர்பார்ப்பார். கூச்சப்படாதே. பெரும்பாலானவர்கள் வயோதிகர்கள். சுரங்கத்திலும் தபால் தந்தித் துறையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் ஒருவர் காலமானால் 'சைலன்ட் கீ' என்று குறித்துக்கொள்வது உலகத்து ஹாம்களின் வழக்கம். அவருடைய கருவிகளை என்ன செய்வதென்று அறியாமல் விதவை மனைவி தவிக்கும்போது, கிளையின் இளைஞர்கள் போய்ப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, பெயர் எழுதி, நியாய விலைக்கு விற்றுக் கொடுப்பார்கள். அந்த வேலைக்கு நீ முன்னால் நில். எந்தப் புத்தகமும் கற்பிக்காத அளவுக்கு அங்கே கற்றுக்கொள்வாய். அந்தக் குடும்பங்களுக்கு நீ அந்நியனாகவும் இருக்கமாட்டாய்.

அந்த முதியவர்கள் தங்கள் உரிமையை எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்பதையும் அறிந்துகொள். ஹிட்லர் ஆட்சியில் தனிமனிதன் வானொலி அனுப்புவது கடுமையான கண்காணிப்புக்கு உட்பட்டிருந்தது. யுத்தத்தில் எல்லாம் இடிந்த பின், 1949 மார்ச் 14-ஆம் தேதி அமெச்சூர் வானொலிச் சட்டம் பிறந்தது. மேற்கு ஜெர்மனியின் அரசியல் சாசனம் பிறந்ததே மே மாதத்தில்தான். நம் நாட்டிலும் இந்த ஆர்வத்துக்குப் பழமை உண்டு. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், 1924 ஜூலை 31-ஆம் தேதி நாற்பது வாட் கருவியைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கிற்று. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938-இல். இடையில் பணமுடையால் கிளப் 1927-இல் நின்றுபோக, அதன் கருவியைக் கொண்டே சென்னை நகராண்மைக் கழகம் 1930-இலிருந்து ஒலிபரப்பை நடத்திற்று. அரசாங்கத்துக்கு முன்னே ஆர்வலர்கள் போயிருக்கிறார்கள், தம்பி. வடக்கேயும் தெற்கேயும் இதுவே சரித்திரம்.

உன் ஊருக்குக் கிழக்கே, ஹம் நகரத்தில், ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோவில் 2002-இல் குடமுழுக்குக் கண்டது. தேர்த் திருவிழாவுக்கு நீ எப்படியும் போவாய். போகும்போது அந்த டேப் ஆன்டெனாவையும் எடுத்துக்கொண்டு போ. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஜெர்மன் பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். விண்வெளி வீரர் அலெக்சாண்டர் கெர்ஸ்ட் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த காலத்தில், ஜெர்மானியப் பள்ளி மாணவர்களோடு அமெச்சூர் அலைவரிசையிலேயே பேசினார் என்று அவர்களுக்குச் சொல். ஒரு பாஸ் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு வெளியே வந்து நிற்கச் சொன்னால் நிற்பார்கள்.

தோல்வியைப் பற்றி நீ கேட்கவில்லை; ஆனால் நீ வாழும் தேசத்து அமெச்சூர்களிடமிருந்து அதையும் கற்க வேண்டியிருக்கிறது. கார்ல் மைன்சர் தலைமையில் அவர்கள் வருஷக்கணக்கில் உழைத்துக் கட்டிய முதல் பெரிய கோள், 1980 மே 23-ஆம் தேதி ஏரியான் ராக்கெட்டின் இரண்டாவது ஓட்டத்தில் கடலுக்குள் போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து கட்டினார்கள். 1983 ஜூனில் அந்தப் புதிய கோள், ஆஸ்கர்-10, விண்ணில் ஏறியது. அதே ஏரியானின் மூன்றாவது ஓட்டத்தில், 1981 ஜூன் 19-ஆம் தேதி, நம் நாட்டு ஆப்பிள் கோள் ஏறிப்போனது என்பதை நினைக்கும்போதெல்லாம், ஓர் ஓட்டம் முன்பின்னாக அமைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எனக்கு உடல் சிலிர்க்கும். 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ அனுப்பிய ஹாம்சாட் கோளில், கேட்ட குரலை வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இரண்டு இருந்தன. ஒன்று நம்மவர் செய்தது, மற்றொன்று உன் ஊரிலிருந்து எல்லை தாண்டினால் வந்துவிடும் நெதர்லாந்தின் வென்லோ நகரத்தில் படித்த ஒரு மாணவர் செய்தது. ஒன்பது வருஷத்துக்கு மேலாக, 2014 ஜூலை வரை, உலகம் முழுவதும் அதன் வழியே பேசிற்று. மாணவன் ஒருவன் கையால் பற்றவைத்த சர்க்யூட், இஸ்ரோவின் கார்ட்டோசாட் கோளோடு ஒரே பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறிப் போயிருக்கிறது. பங்கு இல்லை என்று இனி எழுதாதே.

கடைசியாக, பணம். உன் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய டிரான்ஸீவர் ஒன்றை வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். வருகிற ஜூன் மாதத்தில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரத்தில் நடக்கும் ஹாம் சந்தைக்குப் போய், பார்த்து, தொட்டு, விசாரித்துவிட்டுத் திரும்பி வா. வாங்குவதை அதற்குப் பின் யோசிக்கலாம். அதற்குள் ஒரு பழைய டி.வி. டிஷ்ஷைத் தேடிப் பிடித்து, கத்தார் தேசத்தின் எஸ்ஹெயில்-2 கோளில் அமெச்சூர்களுக்கென வைக்கப்பட்டிருக்கும் டிரான்ஸ்பாண்டரைக் கேட்கக் கற்றுக்கொள். 2018 நவம்பரில் ஏறிய அது, 25.9 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு நேர் மேலே அசையாமல் நிற்கிறது. உனக்கு அது தெற்கிலிருந்து சற்றே கிழக்கே ஒதுங்கி, இருபத்தெட்டுப் பாகை உயரத்தில் இருக்கும். சென்னையில் எனக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, இருபத்தேழு பாகை உயரத்தில் இருக்கிறது. அதன் வழியே பேசுகிறவன் குரல், ஏறியும் இறங்கியும் எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து, கால் வினாடி கழித்து நம் இருவர் காதிலும் விழும்.

முதல் மாதம் முழுவதும் அனுப்பும் கருவியைத் தொடாமல் கேள். மாத முடிவில் பதிவேட்டின் நகலை எனக்கு அனுப்பு. நானும் அதே நாட்களில் கேட்டு என் பதிவேட்டை வைத்திருப்பேன். இரண்டையும் அருகருகே வைத்து, நீ கேட்டு நான் கேட்காதவை எவை, நான் கேட்டு நீ கேட்காதவை எவை என்று பார்ப்போம். மழை பெய்த இரவுகளைக் குறிக்க மறந்துவிடாதே. எஸ்ஹெயில்-2 பேசும் 10 கிகாஹெர்ட்ஸில் மழை சிக்னலை மங்கச் செய்யும், எவ்வளவு என்பதை உன் ஊர் மழையையும் என் ஊர் மழையையும் கொண்டு ஒப்பிட எனக்கு நெடுநாளாக ஆசை.

அன்புடன்,
உன் மூத்த ஹாம் ஒருவன்